லைசென்ஸ் முதலாளிக்கு, லோக்கப் பெண்ணுக்கா?



குடும்பத்தோடு பேசக் கூச்சப்படும் ஒரு விசயத்தை இன்று பேசப் போகிறேன். கூச்சப்பட்டு நாம் வாயை மூடிக்கொள்வதால் லாபம் அடைகிறவர்கள் வேறு யாரோ. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, நம் குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் வந்தன. படிப்பும் பத்திரமும் இல்லாத பெண்ணுக்கு நகரத்தில் கிடைத்த வேலை என்ன? மங்கு கழுவும் வேலை, துப்புரவு வேலை. சிலருக்கு உடம்புப்பிடி நிலையமும் கேளிக்கை மையமும். அதில் சிலருக்குப் பாலியல் தொழில்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியாவில் பாலியல் தொழிலுக்கு லைசென்ஸ் கிடையாது. விபச்சார விடுதி நடத்துவது தண்டனைச் சட்டம் 373-ஆவது பிரிவின்படி குற்றம். ஆள் அழைப்பது 372பி பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மாநகர் மன்றம் லைசென்ஸ் கொடுப்பது உடம்புப்பிடி நிலையத்துக்கும் ஸ்பாவுக்கும் கேளிக்கை மையத்துக்கும்தான்.

அந்த லைசென்ஸ் யார் பெயரில்? முதலாளி பெயரில். சோதனை நடக்கும்போது கடைக்குள் இருப்பவர் யார்? வேலைக்காரப் பெண். கடையைப் பூட்டினால் முதலாளியால் வேறு பெயரில், வேறு தெருவில் திறந்துவிட முடியும். முகத்தை மூடிக்கொண்டு பத்திரிகைப் படத்தில் நின்ற பெண்ணால் மறுநாள் வேறு வேலை தேட முடியுமா? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போக முடியுமா?

"இது நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவைப் பாருங்கள். ஊராட்சி மன்றம் தான் கொடுத்த லைசென்சை எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே, ரத்து செய்யலாம். நஷ்டஈடும் கிடையாது. உடம்புப்பிடி நிலையத்துக்கு உள்ள அதே பிரிவுதான் புந்தோங்கில் கச்சாங் பூத்தே விற்கும் குடும்பத்துக்கும், உங்கள் ஒட்டுக்கடைக்கும், முடிதிருத்தும் கடைக்கும். இன்று அவள் வயிற்றில் அடிக்கும் அதிகாரம் நாளை உங்கள் வயிற்றிலும் அடிக்கலாம். 

ஆனால் கட்டுப்பாடு இல்லாத அதிகாரம் என்று எதுவும் கிடையாது. இதைச் சொன்னவர் பத்து காஜாவில் பிறந்து, பின்னாளில் பேராக் சுல்தானாக இருந்த ராஜா அஸ்லான் ஷா. 1979-இல் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த ஸ்ரீ லெம்பா வழக்கில், நீதிபதியாக இருந்து அவர் எழுதிய தீர்ப்பு இன்றும் நமக்கு ஆயுதம். 1996-இல் டான் தெக் செங் வழக்கில், அரசியல் சாசனத்தின் 5-ஆவது விதி காக்கும் உயிர் என்ற சொல்லுக்குள் பிழைப்பும் அடங்கும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

பாலியல் தொழிலைப் பதிவு செய்து நடத்துவது வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்தது. நீரிணைக் குடியேற்றங்களில் 1870-ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டம் விடுதிகளைப் பதிவு செய்து, பெண்களைக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தியது. வந்துபோன ஆண்களுக்குச் சோதனை இல்லை. இப்படிப்பட்ட லைசென்ஸ் நமக்கு வேண்டாம்.

நியூசிலாந்து 2003-இல் வேறு வழி எடுத்தது. விடுதி நடத்துகிறவர் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆனால் நான்கு பேருக்கு மேற்படாமல், அவரவர் வருமானம் அவரவர் கையில் இருக்கும்படி சேர்ந்து தொழில் செய்யும் பெண்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை. எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் சட்டத்தில் உண்டு. 2005-இல் கிறைஸ்ட்சர்ச் மாநகர் மன்றம் விடுதிகளை நகரின் மையப் பகுதிக்குள் மட்டும் அடக்க முயன்றபோது, உயர்நீதிமன்றம் அந்த இட விதியைச் செல்லாது என்றது. அங்கேயும் குறை உண்டு: தற்காலிக விசாவில் வந்த பெண்களுக்கு இந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. இந்தியாவில் 2022 மே மாதம், பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் போலீஸ் துன்புறுத்தக்கூடாது என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது.

"அப்படியானால் நம் பெண்பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குப் போகட்டும் என்கிறாயா?" என்று ஒரு தாய் கேட்கலாம். இல்லையம்மா. எந்தப் பிள்ளைக்கும் வறுமை அந்த வாசலைக் காட்டக்கூடாது என்பதற்காகத்தான் நாம் போராடுகிறோம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வைத்தும், கட்டாயப்படுத்தியும் நடத்துகிறவனுக்கு எந்த மன்னிப்பும் கிடையாது. அதற்கு 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டமும் 2007-ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. நான் கேட்பது ஒன்றே ஒன்று: தண்டனை சம்பாதித்தவனுக்கா, சிக்கிக்கொண்டவளுக்கா?

ஆகவே நம் கோரிக்கைகள்: லைசென்ஸ் ரத்தானால் எழுத்துமூலம் காரணம் வேண்டும். ரத்தாகும் முன் விளக்கம் சொல்ல வாய்ப்பு வேண்டும். லைசென்சுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான முதலாளி யார் என்று தெரிய வேண்டும். வேலைக்காரப் பெண்ணுக்குச் சம்பளப் பாதுகாப்பு வேண்டும். அடையாளக் கார்டு இல்லாத நம் பெண்களுக்குப் பத்திரம் கிடைக்க வேண்டும்; அது இல்லாமல் நேரான வேலைக்கு வழியே இல்லை. 1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சி மன்றத் தேர்தல் திரும்ப வேண்டும். நாம் ஓட்டுப் போடாத மன்ற உறுப்பினர் நமக்கு ஏன் பதில் சொல்லப் போகிறார்?

உங்கள் வீட்டுப் பெண், பக்கத்து வீட்டுப் பெண், யார் கைதானாலும் மூன்றை மறக்காதீர்கள். கைதுக்கான காரணத்தைக் கேளுங்கள். வழக்கறிஞரைக் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனமே சொல்கிறது. காசு இல்லையென்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை நாடுங்கள்.

அவள் பெயரைச் சொல்லிக் காறித் துப்புவதற்கு முன், அவள் பிறந்த லயத்தை உடைத்தது யார் என்று கேளுங்கள்.