எங்கள் மாவட்டத்து மண்



‘மண்ணாய்ப் போக’ என்று ஒருவரையொருவர் வைதுகொள்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ‘தலையில் இருப்பது மூளையா, மண்ணா?’ என்று வகுப்பில் கேளாத ஆசிரியரும் இலர். முப்பத்து நான்கு ஆண்டு ஆசிரியப் பணியில் அச்சொல்லை நானும் தாராளமாகவே வழங்கியிருக்கிறேன். மண் என்பது ஒன்றுக்கும் உதவாதது, எங்கும் ஒன்றுபோலக் கிடப்பது என்னும் எண்ணம் அதற்குள் மறைந்திருக்கிறது. அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதை நான் நூலில் படித்து அறியவில்லை. ஒரு குடும்பத்துக்கு நட்டம் விளைவித்து அறிந்தேன். அதனை இன்று ஒளியாமல் சொல்ல எண்ணுகிறேன். அதற்குமுன் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்து மண்ணை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.

பழைய திருநெல்வேலி மாவட்டத்தினின்று 1986ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் பிரிக்கப்பட்டது இம்மாவட்டம். தெற்கே உடன்குடியில் பேருந்து ஏறி, ஆற்றைக் கடந்து, ஓட்டப்பிடாரம் வழியே எட்டயபுரமும் கோவில்பட்டியும் போய்ச் சேருங்கள். அரை நாளைக்குள் மண்ணின் நிறம் மும்முறை மாறிவிடும். சன்னலோரத்தில் உட்காரவேண்டும், உறங்கலாகாது. அவ்வளவே.

முதலில் வருவது தேரி. உடன்குடி, சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டாரங்களில் குங்குமத்தைக் கொட்டி வைத்தாற்போல் செம்மணல் மேடு மேடாக நிற்கும். ஆனி, ஆடி மாதக் காற்றில் அம்மேடுகளின் மேற்பரப்பு நகர்ந்துகொண்டேயிருக்கும். இதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் மணலே. ஒவ்வொரு மணியும் வெள்ளைப் படிகக்கல்தான்; இரும்புத் துரு மெல்லிய சட்டைபோல் அதன்மேல் படிந்திருப்பதால் சிவப்பாய்த் தோன்றுகிறது. காலையில் மழை பெய்தால் நடுப்பகலில் கால் சுடும். அவ்வளவு விரைவாக நீர் கீழிறங்கிவிடும்.

இறங்கிய நீர் வீணாகிவிட்டதென்று எண்ணவேண்டா. அது மணலுக்கடியில் மெல்ல நடந்து, மேட்டின் அடிவாரத்தில் ஊற்றாக வெளிப்படும். தேரிக்காட்டின் நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. கோயிற்பெயரிலேயே சுனை இருப்பதைக் கவனியுங்கள். மேட்டின்மீது பனையும் கொல்லாவும், சரிவில் முருங்கையும், அடிவாரத்தில் வாழையும் நிற்பது தற்செயலன்று. நெல்லுக்குத் தேரி பாலைவனம். பனைக்கு அதுவே தாய்மடி. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியின் இனிப்பு, நாம் பயனற்றதென்று தள்ளிய இந்த மணலினின்று வந்ததே.

அடுத்து ஆற்று வண்டல். நான் பிறந்தது இப்பகுதியில். ஆதலால் இதைப்பற்றிப் பேசும்போது சற்றுப் பெருமை தொனித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாமிரவருணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இரண்டாகிய மருதூரும் திருவைகுண்டமும் எங்கள் மாவட்டத்தில் உள்ளன. கார், பிசானம் என்னும் இரு போகமும் நெல் விளைந்த நிலம் இது. வாழையும் ஆத்தூர் வெற்றிலையும் இதன் செல்வங்கள். மணலும் களியும் இடைநிலைப் பொடிமண்ணும் ஏறக்குறைய அளவாகக் கலந்திருப்பதால், வண்டல் நீரைப் பிடித்தும் வைக்கும், மிகுந்ததை விட்டும் கொடுக்கும். கொடுத்த ஆறே கெடுப்பதும் உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த வெள்ளத்தில், வண்டல் வயலின்மேல் ஆறு கொண்டுவந்து போட்ட மணலை அள்ளி அகற்ற வேண்டியவராய் நின்ற உழவர் பலர்.

செவல் எனப்படும் சாதாரணச் செம்மண்ணைப்பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதி அதுவே. உங்களுள் பலர் வீட்டு வாசலில் இருப்பதும் அதுவே. மழை பெய்த மறுநாளே ஏர் பூட்டலாம். நிலக்கடலைக்கு உகந்தது, கடலையைப் பிடுங்கும்போது காய் மண்ணோடு தங்கிவிடாமல் வரும். ஆனால் அடிக்கடி நீர் கேட்கும்.

இனி, கரிசல். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் ஆகிய வட்டாரங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் கருமை. இந்த நிறத்தைக் கண்டு மக்கிய தழையால் வந்த கருமை என்று மயங்குவோர் உண்டு. உண்மையில் இதில் மக்குச்சத்து மிகக் குறைவு, தழைச்சத்தும் குறைவு. கரிசலின் செல்வம் வேறு. அது களியின் செல்வம். நூற்றில் நாற்பது முதல் அறுபது பங்குவரை களி. அக்களியும் ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் இயல்புடையது. சித்திரை, வைகாசியில் கரிசற்காட்டில் நடந்தால் முழங்கைவரை உள்ளே விடத்தக்க வெடிப்புகளைக் காண்பீர்கள். மேல்மண் சிறுகச் சிறுக அவ்வெடிப்புகளுக்குள் விழும். மழை பெய்ததும் வெடிப்பு மூடிக்கொள்ளும். இவ்வாறு ஆண்டுதோறும் மேல்மண் கீழும் கீழ்மண் மேலுமாகப் புரளுவதால், இதனைத் தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்பர்.

அங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதில் பாதிக்குமேல் ஐப்பசியை ஒட்டிய மூன்று திங்களில் பெய்து முடிந்துவிடும். பிறகு தை, மாசி முழுவதும் வானம் வெளுத்துக் கிடக்கும். அந்நாளிலும் பருத்திச் செடி பச்சையாய் நின்று காய் வெடிக்கிறதே, எப்படி? ஒரு மீட்டர் ஆழக் கரிசல், 150 முதல் 200 மில்லிமீட்டர் மழையைப் பயிருக்கென்று தன்னுள் சேமித்து வைக்கும். ஏரியும் வேண்டா, வாய்க்காலும் வேண்டா, மண்ணே குளம். கம்பு, சோளம், உளுந்து, பாசி, மல்லி, பருத்தி, மிளகாய் எல்லாம் அந்தக் குளத்து நீரைக் குடித்து வளர்வனவே. இந்த மானாவாரி வேளாண்மையை ஆராய்வதற்கென்றே கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டிலேயே ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

இவ்வளவும் இன்று சொல்லுகிறேன். 1984இல் இருபத்து நான்கு வயது இளைஞனாக, ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழின் மை உலராத நிலையில், எட்டயபுரம் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியனாகச் சென்றபோது இவற்றில் ஒன்றும் அறியேன். ஆற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு வாய்க்கால் இல்லாத ஊர் ஊராகவே தோன்றவில்லை. நீர் பாய்ந்தால் எந்நிலமும் பொன் விளையும் என்பது என் உறுதியான கொள்கை.

என்னிடம் ஒரு மாணவன் பயின்றான். அறிவியற் படங்களை அவனைப்போல் வரைவார் அவ்வகுப்பில் இல்லை. அவன் தந்தைக்கு நான்கு ஏக்கர் கரிசல் இருந்தது. மழையை நம்பி மிளகாயும் கம்பும் போடுவார். ‘கிணறு வெட்டுங்கள், கோடையிலும் மிளகாய் எடுக்கலாம்’ என்று அவரை ஏவியவன் நான். ‘வாத்தியாரையா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று அவர் கடன் வாங்கிக் கிணறு வெட்டினார். நீர் வந்தது; சற்றே கரித்தது. அவர் தாயார், எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி, ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பிவிட்டு, ‘மாடு முகத்தைத் திருப்புற தண்ணியைச் செடி குடிக்குமா?’ என்று கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றும் என் நினைவில் உறுத்துகிறது.

முதற்கோடையில் மிளகாய் நன்றாகவே வந்தது. இரண்டாம் ஆண்டும் குறையில்லை. எனக்கு ஊரில் மதிப்பு உயர்ந்தது. மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் நல்ல மழை. ஊரார் நிலமெல்லாம் மழையைக் குடித்தன. அவர் நிலத்தில் மட்டும் நீர் கண்ணாடிமேல் நிற்பதுபோல் கலங்கலாய் நின்றது. விதைத்த கம்பு அழுகிற்று. நீர் வற்றியபின் மேல்மண் ஓடுபோல் இறுகியது. மறுபடி விதைத்த உளுந்து அந்த ஓட்டை முட்டித் திறக்க மாட்டாமல் உள்ளேயே சுருண்டு மாண்டது. அடுத்த ஆண்டும் அவ்வாறே. பொங்கல் விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது அம்மாணவனின் இடம் வெறுமையாயிருந்தது. கடனுக்கு வட்டி கட்டத் தீப்பெட்டி வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். அவன் வீட்டுக்குச் சென்றேன். தந்தை என்னைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் திண்ணையில் துண்டை விரித்து உட்காரச் செய்து மோர் கொண்டுவரச் சொன்னார். கடிந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

அந்நிலத்து மண்ணைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றேன். அங்கிருந்த அலுவலர் ஒருவர் பெரிய கருவி எதையும் எடுக்கவில்லை. கண்ணாடித் தம்ளரில் மழைநீர் ஊற்றி, உலர்ந்த மண்கட்டி ஒன்றைப் பட்டாணி அளவில் அதனுள் மெல்ல இட்டார். சிறிது நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் கலந்தாற்போல் ஒரு வளையம் எழுந்து பரவியது. ‘களராகிவிட்டது ஐயா. கிணற்று நீரைக் கொண்டுவந்தீர்களா?’ என்றார். நான் கொண்டுபோகவில்லை.

அவர் விளக்கியதை உங்கட்குச் சொல்லுகிறேன். களித்துகள்கள் மெல்லிய தகடுகள். சுண்ணாம்பின் உயிரான கால்சியம் அத்தகடுகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து வைத்திருக்கும். கொத்துகளுக்கிடையே நீரும் காற்றும் புகும். கிணற்று நீரிலிருந்த சோடியமோ நாளடைவில் கால்சியத்தை விலக்கிவிட்டுத் தான் குடியேறிவிடும். உப்புநீர் பாயும்வரை அதன் தீமை தெரியாது. உப்பின் செறிவே கொத்துகளைக் கலையாமல் காக்கும். மழை வந்து உப்பைக் கழுவியதும், களியைப் பற்றிய சோடியம் மட்டும் எஞ்சிநிற்க, தகடுகள் தனித்தனியே பிரிந்து நுண்துளைகளை அடைத்துவிடும். நல்ல மழையே அந்நிலத்தைக் கொன்றதுபோல் தோன்றியதன் காரணம் இதுவே. உவர் என்பது வேறு, களர் என்பது வேறு. உவர் நிலத்தை நல்ல நீர் தேக்கி வடித்தாற் போதும். களருக்கு மருந்திட வேண்டும்.

‘கரிசலில் சுண்ணாம்புக்கல் நிறையக் கிடக்கிறதே, அது போதாதா?’ என்று வினவினேன். ‘இருக்கிறது, கரையாது. பூட்டிய பெட்டியிலுள்ள பணம்’ என்றார். கரையக்கூடிய கால்சியத்துக்கு ஜிப்சம் இடவேண்டும்; வரப்பை உயர்த்தி மழையைத் தேக்கி, வெளியேறும் சோடியத்தை வடிகாலில் விடவேண்டும்; தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவேண்டும். கிணற்று நீர் ஒரு சொட்டும் கூடாது. ஜிப்சத்துக்கான செலவை நான் ஏற்றேன். அஃது ஒரு பெருமையன்று, கடன். ஆறு ஆண்டு சென்றபின் முதலில் கம்பு வந்தது. அதன்பின் பருத்தி வந்தது. மாணவன் வகுப்புக்குத் திரும்பவில்லை.

அவர் இன்று ஐம்பதை எட்டிய உழவர். அந்நிலத்தை அவரே பார்க்கிறார். நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறார். கரிசற்களியே அதற்குத் தளமாதலால் பிடித்த மழைநீர் எளிதில் இறங்குவதில்லை. மழை தவறும் நாளில் அதிலிருந்து ஒரு நனைப்புக் கொடுக்கிறார். 2015ஆம் ஆண்டில் மண்வள அட்டைத் திட்டம் வந்தபோது, தம் நிலத்து மண்ணை எடுத்துவைத்து, ‘சார், இந்தத் தடவை தண்ணீரையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன்’ என்று தொலைபேசியில் சொன்னார்.

நீங்கள் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது செய்யத்தக்க சோதனைகள் இரண்டைச் சொல்லி முடிக்கிறேன். வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் படியும். சில மணி நேரத்தில் பொடிமண் படியும். களி படிய ஒரு நாளும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அடுக்குகளை அளவுகோலால் அளந்தால் உங்கள் நிலம் தேரிக்கு உறவா, கரிசலுக்கு உறவா என்பது விளங்கும்.

மற்றது, நான் சொன்ன தம்ளர்ச் சோதனை. மண்ணை ஓரிடத்தில் மட்டும் எடுக்கலாகாது. நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில், வரப்பையும் எருக்குவித்த இடத்தையும் மரநிழலையும் தவிர்த்து, ஒரு சாண் ஆழத்திற்குள் எடுங்கள். கட்டியை நிழலில் உலர்த்துங்கள். நீர் மழைநீராகவே இருக்கவேண்டும். குழாய் நீரும் கிணற்று நீரும் உதவா, அவற்றிலுள்ள உப்பு உண்மையை மறைத்துவிடும். கட்டியை இட்டபின் தம்ளரைத் தொடாமல், பத்து நிமிடத்தில் ஒருமுறையும் இரண்டு மணி நேரம் கழித்து மறுமுறையும் பாருங்கள். கட்டி உதிர்ந்து சரிந்தாலும் நீர் தெளிவாயிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பால்போல் வளையம் எழுந்தால், புதிதாகக் கிணறோ ஆழ்துளையோ போடத் தந்தையார் நாள் பார்த்திருப்பாராயின், மண்ணையும் பக்கத்துக் கிணற்று நீரையும் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டும்வரை அந்நாளைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால், அந்த நீரை அவர்களிடமும் ஒரு கை கொடுத்துப் பாருங்கள்.