கோடிப்புறத்து அடுப்பு: வாயுவா, கரியா?

நந்திக்கடலின் கரையிலே அமைந்த ஊர் வற்றாப்பளை. வைகாசி விசாகப் பொங்கலுக்குக் கண்ணகை அம்மன் சந்நிதியை நாடித் திரளும் அடியார்களால் அவ்வூரை நாடறியும். ஆயின், அவ்வூர் வீடுகளிலே கலகலப்பு மிகும் காலம் வேறொன்றும் உண்டு. ஆடி ஆவணி மாதங்களிலே, கடல் கடந்து வாழும் உறவினர் விடுமுறைக்கு வருவர். நந்திக்கடல் இறாலையும் மீனையும் முற்றத்திலே சுட்டு உண்ண வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் ஆசை. அங்ஙனம் சுடுதற்கு எவ்வடுப்பை வாங்குவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வீடொன்றை உதாரணமாக எண்ணிப் பார்க்கலாம். கணவனை இழந்த ஓர் அம்மையார் தையல் வேலையால் இரு பிள்ளைகளை வளர்த்து வருகிறார். 2009ஆம் ஆண்டுப் போரிலே இடம்பெயர்ந்து, மீண்டு வந்தபோது மூன்று கல் வைத்து உலையேற்றியவர் அவர். கனடாவில் வாழும் தம்பி, "அக்கா, காசு அனுப்புகிறேன், வாயு அடுப்பொன்று வாங்கி வையுங்கோ" என்கிறார். தமக்கையின் உள்ளத்தில் எழும் வினாவோ வேறு. தம்பி திரும்பிச் சென்றபின் அச்சிலிண்டரை நிரப்புவது யார்?

வாயு அடுப்பின் சிறப்பை மறுத்தல் ஆகாது. திருகியதும் தீ எழும்; வேண்டியவாறு கூட்டலாம், குறைக்கலாம்; சாம்பல் இல்லை. ஆயின், சுடுவதற்கென அமைந்த பெரிய அடுப்பு வாயுவை மிகுதியாக உண்ணும். பத்துக் கிலோவாற்று வலுவுள்ள அடுப்பொன்று முழுத் தீயில் எரியுமாயின், 12.5 கிலோகிராம் சிலிண்டர் ஏறத்தாழ 16 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதே சிலிண்டர், மூன்று கிலோவாற்றுச் சமையலடுப்பொன்றுக்கு ஐம்பது மணி நேரத்துக்கு மேல் உழைக்கும்.

விலையையும் நோக்குக. 2021ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் விலைக்கட்டுப்பாடு நீங்குமுன் அச்சிலிண்டரின் விலை 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் அது 4,860 ரூபாவாயிற்று. பணம் கையிலிருந்தும் வாயு கிடையாது, மக்கள் வரிசையிலே வெயிலில் நின்ற காலம் அது. 2021இன் இறுதி மாதங்களில் அடுப்புகள் பல வெடித்தமையும், புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலப்பு விகிதம் மாற்றப்பட்டமையே அதற்குக் காரணமென விசாரணைக் குழு கூறியமையும் மறத்தற்கரியன. இவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலையாது நிலத்தோடு படியும். ஆதலின் இணைப்புகளைச் சவர்க்கார நீர் பூசிச் சோதித்தல் வேண்டும். தீக்குச்சியாற் சோதித்தல் பெரும் பேதைமை.

இனிக் கரியைக் காண்போம். வாயு எரியும்போது நீராவியும் உண்டாகிறது. கரியோ பெரும்பாலும் தனிக் காபனே. கனன்ற பின் அது தருவது உலர்ந்த வெப்பம். அதனாலேயே மீனின் மேற்புறம் விரைவில் முறுகி, உள்ளே ஈரம் நிற்கிறது. சுட்ட மீனின் மணத்துக்குக் கரி மட்டுமே காரணமென எண்ணுதல் தவறு. கொழுப்பும் தேசிக்காய்ச் சாறும் தணலிற் சொட்டிப் புகையாகி மீண்டும் மீனிற் படிவதும் அம்மணத்தைத் தருவதாம். மண்ணெண்ணெய் ஊற்றித் தணல் மூட்டுவோர் அம்மணத்தைத் தாமே கெடுக்கின்றனர். காய்ந்த பன்னாடையும் தென்னம்பாளையும் இருக்க மண்ணெண்ணெய் எதற்கு?

கரிக்கும் ஒரு குறையுண்டு. பழைய முறையிலே ஒரு கிலோகிராம் கரி பெற ஐந்து முதல் ஏழு கிலோகிராம் வரை விறகு அழிகிறது. ஒரு நாள் விருந்துக்காக வன்னிக் காட்டின் பாலையும் வீரையும் விழுதல் தகுமோ? அதற்கு மாற்று வளவிலேயே உண்டு. தேங்காய்ச் சிரட்டையும் பனையின் ஊமலும் நல்ல கரி தருவன. காய்ந்த சிரட்டைகளைத் தகர வாளியொன்றில் இட்டு எரித்து, புகை மெலிந்ததும் காற்றுப் புகாது மூடி, மறுநாள் திறந்தாற் கரி ஆயத்தமாயிருக்கும். பத்துப் பேருக்கு மீன் சுட ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் போதும்.

அடுப்பையும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஊர் ஒட்டுவேலைக்காரர் இரும்புப் பரலொன்றை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, அடியிலே காற்றுத் துளையிட்டு, கால் பொருத்தித் தருவார். முன்பு நஞ்சு மருந்தோ இரசாயனமோ இருந்த பரலை ஒருபோதும் கொள்ளலாகாது. ஏனையவற்றையும் முன்னரே கழுவி, வெறுந்தீயிட்டுப் பூச்சை எரித்துவிடல் வேண்டும். மேலே வைக்கும் கம்பி, நாகமுலாம் பூசாததாக இருத்தல் அவசியம். அம்முலாம் கடுஞ்சூட்டிலே தீய புகையை எழுப்பும். ஆடி ஆவணியிலே சோளகக் காற்று வீறுடன் வீசும். கிடுகு வேலிக்கும் ஓலைக் கூரைக்கும் அண்மையில் தணல் வைத்தல் ஆபத்து. அருகே ஒரு வாளி நீர் இருக்கட்டும். மழை வந்ததென்று கரியடுப்பை வீட்டினுள் எடுத்துச் செல்லுதலும் கூடாது. கரியிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோர் அறியாமலே உயிரைக் கவர்வது.

இவ்வளவும் விருந்து நாளுக்குரிய அடுப்பைப் பற்றியன. நாள்தோறும் உலை வைக்கும் அடுக்களையின் நிலை வேறு. ஆண்டுதோறும் விறகுப் புகையைச் சுவாசிக்கும் பெண்களின் கண்ணும் நெஞ்சும் நலிகின்றன. அங்கு வாயு ஒரு பேருதவியே.

ஆகவே அந்தத் தமக்கை செய்யத்தக்கது யாது? தம்பி அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பகுதியாற் கோடிப்புறத்திலே பரல் அடுப்பொன்று அமைக்கட்டும். எஞ்சிய தொகையால் அடுக்களைக்கு எளிய இரட்டை வாயு அடுப்பும் தரமான குழாயும் வாங்கட்டும். மேலும் ஒரு சிலிண்டரை நிரப்பும் பணத்தைச் சேமித்து வைக்கட்டும். தம்பி வந்த நாளிலே சிரட்டைத் தணலில் இறால் மணக்கும். அவர் சென்ற பின்னரும், விடியற்காலையிலே பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குத் தேநீர் வைக்கும் தாயின் கண் புகையாற் கலங்காது. கொடுத்தவர் சென்ற பின்னரும் பயன் நிற்குமாறு செலவு செய்வதன்றோ சிக்கனம்!