தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை



முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த பிள்ளைக்காகப் பேச வந்திருக்கிறேன். டாக்டர்கள் அதை ஸ்பைனா பிஃபிடா என்பார்கள். கரு உண்டான முதல் 28 நாளுக்குள், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் முழுதாக மூடிக்கொள்ள வேண்டும். முதுகுப் பக்கம் ஓரிடத்தில் மூடாமல் நின்றுவிட்டால் இந்தப் பிளவு வருகிறது.

அந்த 28 நாளுக்குள் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது. அப்படியிருக்க, கிரகணத்தன்று வெளியே வந்தாள், போன பிறவியில் என்ன பாவம் செய்தாளோ என்று பெற்றவளைக் குத்திக்காட்டுவது என்ன நியாயம்? அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுவோம்.

பேச வேண்டியது ஃபோலிக் அமிலத்தைப் பற்றி. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளை வாட்டிய இரத்தசோகையை ஆராய்ந்தார். பஞ்சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். ஈஸ்ட் சாறு கொடுத்தார், குணம் தெரிந்தது. அதில் இருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலேட் என்று அறியப்பட்டது; அதன் மாத்திரை வடிவமே ஃபோலிக் அமிலம். ஏற்கெனவே இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற தாய்மார்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தால், அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைகிறது என்று 1991-இல் பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. ஆகவே, பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு இப்படிப் பிள்ளை பிறந்திருந்தாலும், வலிப்புக்கு மருந்து சாப்பிட்டாலும், டாக்டரிடம் சொல்லுங்கள்; அளவு மாறும்.

சரி, பிறந்துவிட்ட பிள்ளைக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்?

இந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சிறுநீர் முட்டுவது தெரியாது. அது தானாக முழுதும் வெளியேறவும் செய்யாது. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, சோப்புப் போட்டுக் கை கழுவி, மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வடிக்க வேண்டும். 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் உலகுக்குச் சொன்ன முறை இது. சொல்லிக்கொடுத்தால் தொடக்கப்பள்ளிப் பிள்ளையே செய்துகொள்ளும். அதற்கு வேண்டியது தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தண்ணீர், சாமான் வைக்க ஒரு தட்டு, அவ்வளவுதான். அது இல்லாததால் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கலாமா? வடிக்காமல் தேங்கினால் சிறுநீரகமே கெடும்.

இன்னொன்று. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்த பரம்பரை நாம். ஆனால் அந்தப் பாலில் செய்த கையுறையும் பலூனும் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஒவ்வாமை தரும். சில நேரம் மூச்சையே அடைக்கும். பள்ளி விழாவில் ரப்பர் பலூன் கட்டாதீர்கள். காலில் உணர்ச்சி குறைவு என்பதால் வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை சுட்டாலும் பிள்ளைக்குத் தெரியாது. தினமும் பாதத்தைப் பாருங்கள். இவர்களில் தலையில் நீர் தேங்கி, அது வடியக் குழாய் வைத்த பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, அசதியான தூக்கம் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மலேசியாவில் 2008-இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை 2019-இல் நடைமுறைக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டைக்குச் சமூகநலத் துறையில் பதிந்துகொள்ளுங்கள். சட்டம் வாசல் வரை கொண்டுவந்து விடும். வாசற்படியில் சாய்தளம் போட வேண்டியது நாம்தான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, அடுத்த கூட்டத்தில் கோயில் திருவிழாக் கணக்கைப் பார்ப்பதற்கு முன் ஒரு சாய்தளத்துக்கும் ஒரு கழிப்பறைக்கும் தீர்மானம் போடுங்கள். தாய்மார்களே, வீட்டுக்குள் வைத்திருக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். அந்தப் பிள்ளை நம் எல்லாருடைய பிள்ளை.