தொலைக்காட்சிப் பெட்டியும் தமிழ் வகுப்பும்



நம் காலனிச் சிறுவர் பள்ளியில் கற்பது இந்தியும் ஆங்கிலமும். தமிழெழுத்தை அவர்கள் காண்பது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான். அங்கே இவ்வாண்டு, அன்பர் ஒருவர் அளித்த தொலைக்காட்சிப் பெட்டியைக் கணினியோடு இணைத்தோம். படமும் ஒலியும் ஒரே எச்.டி.எம்.ஐ. கம்பியில் வரக் கண்டு இறுமாந்திருந்தோம்.

முதல் நாளே கடைசி வரிசைச் சிறுமி ‘பல்’ என்பதைப் ‘பல’ என்று படித்தாள். புள்ளி அவள் கண்ணுக்கு எட்டவில்லை. வரித் தொடக்கத்தில் இருந்த ‘கொடு’, கொம்பிழந்து ‘காடு’ ஆயிற்று! பழைய குழாய்த்திரைக் காலத்து வழக்கப்படி, பெட்டி படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுகிறது. அமைப்பில் பட அளவை மாற்றியதும் கொம்பு மீண்டது. வண்ண எழுத்துகளின் விளிம்பு கலங்கியமையால் வெண்மையில் கருமையே கொண்டோம். திரைக்கு ஆறு வரிகளே இடுகிறோம். சிக்னல் தொலைவிலிருந்தே தெரிய வேண்டும் என்று அறிந்த ரயில்வேக் குமாஸ்தாக்களான எங்களுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டாமா?

கரும்பலகையை நாங்கள் கழற்றவில்லை. குழந்தைகள் எழுதிப் பழகுவது அதில்தான். பெட்டியைச் சுவரில் உயர்த்தி மாட்டத் தாங்கி ஒன்றும், நீண்ட கம்பி ஒன்றும் இன்னும் வேண்டியிருக்கின்றன.