பயிரின் கோளாறைப் படம் பிடிப்பது எப்படி?

(கடையம் வட்டார விவசாயிகளிடையே நிகழ்த்திய உரை)



பயிரில் கோளாறு கண்டால் முன்பெல்லாம் செடியைப் பிடுங்கிப் பையில் போட்டுக் கொண்டு வருவீர்கள். இன்று கைபேசியில் வீடியோ எடுத்து அனுப்புகிறீர்கள். நல்ல வழக்கந்தான். ஆனால் வருகின்ற படங்கள் பலவற்றைக் கொண்டு ஒரு முடிவுக்கு வர இயலுவதில்லை.

நெற்பயிரைத் தாக்கும் புகையானையே எடுத்துக் கொள்ளுங்கள். வரப்பில் நின்று எடுத்த படத்தில் வட்ட வட்டமாக மஞ்சளித்த திட்டுகள் மட்டுமே தெரியும். பூச்சியோ தூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அமர்ந்து சாற்றை உறிஞ்சிக் கொண்டிருக்கும். படத்தைப் பார்ப்பவர் சத்துக் குறைவு என்று கருதி, நீங்களும் யூரியா இட்டுவிட்டால், தழைச்சத்து மிகுந்து புகையான் மேலும் பெருகும். ஒரு படத்தின் குறையால் ஒரு போகமே கைநழுவிப் போகலாம்.

ஆகவே படம் எடுப்போர் பயன்படுத்தும் சில சொற்களை நீங்களும் அறிந்து கொள்வது நல்லது.

முதலாவது, காட்சியின் அளவு. வயல் முழுவதும் தெரிவது லாங் ஷாட். பாதிப்பு எங்கே, எவ்வளவு பரவியுள்ளது என்பதை இது சொல்லும். ஒரு குத்து மட்டும் தெரிவது மிட் ஷாட். பூச்சியோ புள்ளியோ தெளிவாகத் தெரிவது குளோசப். இம்மூன்றையும் இதே வரிசையில், ஒவ்வொன்றும் 10 விநாடி எடுங்கள். நெல்லானால் தூரை விலக்கி அடிப்பாகத்தைக் காட்டுங்கள். எலுமிச்சையானால் இலையின் இரு புறத்தையும், காயையும், கிளையையும் காட்டுங்கள்.

இரண்டாவது, ஃப்ரேம். வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் நிழற்படங்களே. நம் நாட்டுத் தொலைக்காட்சியில் விநாடிக்கு 25 படங்கள். கைபேசியில் பெரும்பாலும் 30. கை நடுங்கினால் படங்கள் கலங்கிவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக் கொள்ளுங்கள். அல்லது ஊன்றிய மண்வெட்டிக் காம்பின்மேல் கையைத் தாங்கிக் கொள்ளுங்கள். கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவது பேன். மேலும் கீழும் அசைப்பது டில்ட். இரண்டையும் மெதுவாகவே செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஜூம். கைபேசித் திரையில் விரலால் பெரிதாக்கும்போது பெரும்பாலும் படத்தின் புள்ளிகளே பெரிதாகின்றன; புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. ஜூம் செய்வதை விட இரண்டடி முன்னே செல்வது மேல். பிறகு திரையில் இலையைத் தொட்டால் ஃபோகஸ் அதன்மேல் நிற்கும்.

நான்காவது, ஒளியும் நிறமும். வானத்தைப் பின்புலமாக வைத்தால் இலை கறுத்துவிடும். வெயில் உங்கள் முதுகுப்புறம் இருக்கட்டும். மாலை வெயிலில் பச்சை இலையும் மஞ்சளாகத் தோன்றும். இந்த நிறச் சமன்பாட்டைத்தான் ஒயிட் பேலன்ஸ் என்கிறார்கள். இலைக்கு அருகே வெள்ளைத் துண்டின் ஓரத்தைப் பிடித்தால், துண்டின் நிறத்தைக் கொண்டு இலையின் உண்மை நிறத்தை நாங்கள் கணித்துக் கொள்வோம்.

ஐந்தாவது, ஒலி. ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து வீசும் காற்றில் உங்கள் பேச்சு அமுங்கிவிடும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று பேசுங்கள். இரகம், நட்ட நாள், இட்ட உரம், அடித்த மருந்து, நீர் நிற்கும் அளவு ஆகியவற்றைச் சொல்ல மறக்காதீர்கள்.

அனுப்பும்போதும் கவனம் தேவை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்ட் என்ற பகுதி வழியாக அனுப்பினால் தெளிவு குறையாது.

இதெல்லாம் நமக்கு வருமா என்று தயங்க வேண்டாம். 1983-ல் சோனி நிறுவனம், படம்பிடிக்கும் கருவியையும் பதிவுக் கருவியையும் ஒன்றாக்கிப் பொதுமக்களுக்கான கேம்கார்டரைக் கொண்டு வந்தது. அதற்கு மறு ஆண்டே, 1984-ல், அகமதாபாத்தில் சேவா அமைப்பின் உழைக்கும் பெண்கள் வீடியோ எடுக்கப் பயின்றார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தனர். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கருவியோ அதைவிட எளிது.

இன்று மாலையே நன்றாக இருக்கும் ஒரு பயிரை இம்முறையில் எடுத்துப் பழகுங்கள். அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். நாளை நோய் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே உதவும்.