கல்யாணச் சேலை: எதுக்குக் காசு கொடுக்கறோம்?

முகூர்த்த மாசம் வந்தாச்சுன்னா நம்ம கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதியிலயும் கிராஸ்கட் ரோட்டுலயும் நடக்க இடம் இருக்காது. மாமா, அத்தை, சித்தப்பான்னு ஒரு வேன் நிறைய ஆள் வந்து ஜவுளி எடுக்கறது நம்ம பக்கத்து வழக்கம். கூட்டத்தோட போனா போட்ட கணக்குத் தாங்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் கூட்டிட்டுத்தான் போவோம். அதை மாத்தச் சொல்ல நான் வரலீங்க. வாங்கற சேலை என்ன சேலைன்னு தெரிஞ்சு காசு கொடுக்கறதைப் பத்தித்தான் இந்தப் பேச்சு.

முகூர்த்தச் சேலைக்குன்னு பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். சில வீட்டுல அது மகளிர் குழுவுல வாங்கின கடனா இருக்கும். பட்டுன்னு நம்பி செயற்கை இழையை வாங்கிட்டு வந்தா, சேலை போலி, கடன் மட்டும் அசல்.

ஏமாற்றம் பெரும்பாலும் பேருலதான் ஆரம்பிக்குது. ‘ஆர்ட் சில்க்’குன்னா கலைநயமான பட்டு இல்லீங்க; ஆர்டிஃபிஷியல்ங்கறதோட சுருக்கம். ‘சாஃப்ட் சில்க்’குங்கற ஒரே பேருல, மேட்டுப்பாளையம் பக்கத்துல சிறுமுகையில கைத்தறியில நெய்யற அசல் பட்டும் வருது, விசைத்தறியில ஓட்டின பாலியஸ்டரும் வருது. செயற்கை இழைச் சேலை வாங்கறது தப்பே இல்ல. வரவேற்புக்கு மூணு மணி நேரம் கட்டவும், சொந்தபந்தத்துக்கு எடுத்துக் கொடுக்கவும் அது தாராளமாப் போதும். அதுக்கு உண்டான விலையைக் கொடுங்க, பட்டு விலையைக் கொடுக்காதீங்க.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு பட்டுச்சேலைக்கு ஏறக்குறைய அரை கிலோ நூல் போகும். பட்டு நூல் கிலோ பல ஆயிரம் ரூபாய். அதுக்கு மேல சாயம், ஜரிகை, நெசவுக் கூலி, கடை லாபம். இவ்வளவும் சேர்ந்து ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு ‘ப்யூர் பட்டு’ எப்படிங்க வரும்?

கடையில முதல்ல ‘சில்க் மார்க்’ லேபிளைக் கேளுங்க. மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்த முத்திரை இது. லேபிளில் ஹாலோகிராமும் தனி எண்ணும் இருக்கும். போன்ல ஒரு படம் எடுத்து வெச்சுக்குங்க. ஆனா அது சொல்றது ஒண்ணே ஒண்ணு: இழை அசல் பட்டு. ஜரிகை அசலா, கைத்தறியா விசைத்தறியாங்கறதுக்கு அது பொறுப்பில்ல. கைத்தறிக்குக் ‘கைத்தறி முத்திரை’ தனியா இருக்கு. ஜரிகையைப் பத்திக் கடைக்காரர்கிட்டக் கேட்டு, அவர் சொல்றதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்க.

நூலை எரிச்சுப் பார்க்கறது பழைய வழிதான், ஆனா நல்ல வழி. பட்டு முடி கருகுற வாசத்தோட எரிஞ்சு, விரல்ல தேய்ச்சா பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியா நிக்கும். இதுல ஒரு விஷயம் பல பேர் கவனிக்கறதில்ல. முந்தானை ஓரத்துல தொங்கறது பாவு நூல் மட்டும்தான். ஊடையில வேற இழையைக் கலந்திருந்தா அந்தச் சோதனையில தெரியாது. அதனால ஊடையிலிருந்தும் ஒரு நூல் எடுத்துப் பாருங்க. கடைக்காரர் விடலைன்னா, அதுவும் ஒரு பதில்தானுங்களே!

கையில இருக்கற காசுக்குப் பட்டு கட்டுபடியாகலையா? புவிசார் குறியீடு பெற்ற கோவை கோரா காட்டன் நம்ம ஊருச் சரக்கு. பட்டும் பருத்தியும் சேர்ந்தது. நிச்சயதார்த்தத்துக்கு எடுப்பா இருக்கும், அப்புறமும் கட்டலாம். கைத்தறிக்கு, 1935-ல் தொடங்கின கோ-ஆப்டெக்ஸ் இருக்கு. பண்டிகைக் காலத்துல தள்ளுபடி உண்டு. மாதச் சேமிப்புத் திட்டமும் இருக்கு; அதுல கடைசித் தவணையை நிறுவனமே போடும். கல்யாணத்துக்கு ஒரு வருஷம் இருக்கறவங்க இப்பவே போய் விசாரிங்க.

பில் இல்லாம வாங்காதீங்க. பில்லில் வெறும் ‘சேலை’ன்னு போட்டா ஒத்துக்காதீங்க, ‘தூய பட்டு, கைத்தறி’ன்னு எழுதச் சொல்லுங்க. பில் தர மறுக்கறதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் சொல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள்ள திரும்ப எடுக்க மறுக்கறதும் அப்படித்தான். கவனிங்க, குறைக்குத்தான் இது. வீட்டுக்கு வந்தப்புறம் கலர் பிடிக்கலைன்னா சட்டம் துணைக்கு வராது.

கடைக்காரர் ஒத்து வரலைன்னா 1915-க்குக் கூப்பிடுங்க, தமிழ்லயே பேசலாம். அதுலயும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம். காஞ்சிபுரத்துல வாங்கியிருந்தாலும் கோவையில போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்ல, வக்கீல் கட்டாயம் இல்ல. 2 வருஷத்துக்குள்ள கொடுக்கணும். இ-ஜாக்ரிதி தளத்துல போன்லயே பதிவு பண்ணிக்கலாம்.

வீடியோவைக் காட்டி ‘தறியிலிருந்து நேரடி விலை’ன்னு சொல்றவங்ககிட்ட, முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் கேட்காம பணம் அனுப்பாதீங்க. பணம் போயி சேலை வரலைன்னா, ஆளும் சிக்கலைன்னா, உடனே 1930-க்குச் சொல்லுங்க. பார்சல் வந்தா பிரிக்கறதை வீடியோ எடுங்க.

இன்னொண்ணு. சேலை வீட்டுக்கு வந்த அன்னைக்கே பகல் வெளிச்சத்துல முழுசா விரிச்சுப் பார்த்துட்டு, அப்புறம் பிளவுஸ் தைக்கக் கொடுங்க. துணியை வெட்டிட்டா திருப்பிக் கொடுக்கறது ரொம்பச் சிரமமுங்க.