குழந்தையின் எதிரே உட்காரக் கற்றல்



முதுகலை முடித்த பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், எம்.எஸ்ஸி. சைக்காலஜி முடிச்சாச்சு. இனி குழந்தைங்களைப் பார்க்கலாமா?" இன்றைய உரை அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில்தான்.

தேவை பெரிது என்பதில் ஐயமில்லை. 2015–16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் ஏறத்தாழ மூன்று பேர். ஆனால் தேவை பெரிது என்பதற்காகப் பயிற்சியைச் சுருக்கிக்கொள்ள முடியாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கிறது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற தகுதி வேண்டும்; அல்லது உளவியல் முதுகலைக்கு மேல் ஈராண்டு முழுநேர எம்.ஃபில். வேண்டும். அந்த ஈராண்டைப் பற்றிச் சொல்லும்போது, மூத்தவரின் மேற்பார்வையில் நடக்கும் சிகிச்சைப் பயிற்சி அதில் அடங்கியிருக்க வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. வெறும் முதுகலைப் பட்டம் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தத் துறை பிறந்ததே ஒரு பள்ளிச் சிறுவனால்தான். 1896இல் ஃபிலடெல்பியாவில், எழுத்துக்கூட்டத் தெரியாத மாணவன் ஒருவனை அவனுடைய ஆசிரியை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லைட்னர் விட்மரிடம் கொண்டுவந்தார். விட்மர் அவனுக்கு 'மந்தம்' என்று பெயர் சூட்டவில்லை. கண்ணைப் பரிசோதித்தார். பார்வையில் கோளாறு இருந்தது. அதைச் சரிசெய்த பிறகே பாடம் தொடங்கியது. முதலில் பார், பிறகு பெயர் வை என்ற ஒழுங்கை அந்தச் சிறுவன் நமக்கு விட்டுப் போனான்.

அந்த ஒழுங்கைப் புத்தகத்தில் படித்துக்கொள்ள முடியாது. குழந்தைகளின் அறிவுத்திறனைச் சோதிக்கும் செகுவின் வடிவப் பலகையை எடுத்துக்கொள்வோம். பத்து மரத்துண்டுகள், அவற்றுக்குரிய பத்துப் பள்ளங்கள், கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். மூன்று முறை செய்யச் சொல்லி நேரம் குறிப்பதை ஒரே பிற்பகலில் கற்றுவிடலாம். மாணவி நொடிகளை எழுதிக் கொண்டுவருவாள். மேற்பார்வையாளர் கேட்பார்: "நட்சத்திரம் பொருந்தாதபோது பையன் என்ன செய்தான்? அம்மா முகத்தைப் பார்த்தானா, துண்டைத் தூக்கி எறிந்தானா, திருப்பிப் பார்த்தானா?" அவளிடம் பதில் இருக்காது. அடுத்த குழந்தையிடம் அதைப் பார்ப்பாள். மேற்பார்வை என்பது இப்படிக் குழந்தைக்குக் குழந்தை நடப்பது. 1954இல் பெங்களூரில் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனம், அதாவது இன்றைய நிம்ஹான்ஸ், வார்டும் வகுப்பும் அருகருகே இருக்கும்படி உளவியலாளரைப் பயிற்றத் தொடங்கியதும் இதற்காகவே.

அடுத்தது மொழி. பினேயின் அறிவுத்திறன் சோதனை நம் நாட்டுக்கு வந்தபோது, லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் 1922இலேயே அதை உள்ளூர் மொழிக்கு மாற்றினார், பிறகு வி.வி. காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்ப அமைத்தார். குழந்தைக்குப் புரியாத சொல்லில் கேட்டால் அளக்கப்படுவது அதன் அறிவாகாது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று நம் மாணவர்கள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், ஆங்கிலத்தில் கேஸ் ஷீட் எழுதுகிறார்கள். எதிரே இருக்கும் குழந்தையோ 'பதற்றம்' என்றுகூடச் சொல்லாது. "வயித்த வலிக்குது" என்னும், அதுவும் திங்கட்கிழமை காலையில். பாட்டி, "எதையோ பார்த்து பயந்துட்டான், மந்திரிச்சுக் கயிறு கட்டினோம்" என்பார். பயிற்சி பெறாதவர் முன்னதைச் சாக்கு என்பார், பின்னதை மூடநம்பிக்கை என்பார். பயிற்சி பெற்றவர் இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டு, "திங்கட்கிழமை முதல் பீரியட் என்ன தம்பி?" என்று கேட்பார்.

இந்த நேரத்தில் இதை நான் பேசக் காரணம் இருக்கிறது. 2022 விதிமுறைகளின் வழியாகப் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு விலக்களித்தது. அதன் இடத்தில் வேறு பெயரில் பட்டங்கள் வருகின்றன. பெயர் மாறுவதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஈராண்டு மேற்பார்வையும் பெயரோடு சேர்ந்து போய்விடக் கூடாது என்பதே என் கவலை.

எனவே பாடத்திட்டக் குழுவில் இருப்போருக்கு இரண்டு வேண்டுகோள்கள். எந்தப் பட்டமானாலும் மேற்பார்வை மணிநேரத்தில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள். ஒவ்வொரு மாணவரும் சில கேஸ் அறிக்கைகளையேனும், குழந்தையும் வீட்டாரும் பேசிய சொற்கள் மாறாமல், தமிழில் எழுத வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

மாணவர்களுக்கு என் பதில் இதுதான்: பார்க்கலாம், இப்போதைக்கு ஒரு மூத்தவரை அருகில் வைத்துக்கொண்டு.